பெல் சோதனை: 245 நிகழ்வுகள் எப்படிப் போதுமானவை ஆயின?

முதுகலைமாணவி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் இயற்பியல் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். எங்கள் குவாண்டம் இயக்கவியல் பாடத்தில் பெல் தேற்றம் இரண்டு பக்கங்களில் முடிந்துவிடுவதால், 2022-இல் ஆலன் ஆஸ்பே, ஜான் கிளௌசர், ஆன்டன் சைலிங்கர் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு பெற்றுத் தந்த சோதனைகளைப் பற்றி நானாகத் தேடிப் படித்து வருகிறேன். அதில் ஓரிடத்தில் எனக்குத் தெளிவு பிறக்கவில்லை.

பாரிசுக்கு அருகே ஓர்சேயில் ஆஸ்பே குழுவினர் 1982-இல் ஒளி அதிரும் தளத்தைப் பிரித்தறியும் இரட்டைப் பாதைத் தளவிளைவாக்கிகளைக் கொண்டு செய்த சோதனையில், ஜோடித் துகள்களின் விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அளக்கும் பெல் சமனிலியின் S மதிப்பு 2.697 ± 0.015 என்று கிடைத்தது. விடைகள் துகளிடம் முன்பே உள்ளன, தூரத்தில் நடப்பது அவற்றை மாற்றாது என்னும் இடஞ்சார் மெய்மை அனுமதிக்கும் உச்ச வரம்பு 2 என்பதால், இது வரம்பைத் தாண்டி நாற்பது திட்ட விலக்கங்களுக்கும் (± பிழையளவின் நாற்பது மடங்குக்கும்) மேலே நிற்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 2015-இல் நடந்த சோதனையிலோ மொத்தம் 245 நிகழ்வுகள்தான் பதிவாயின. S மதிப்பு 2.42 ± 0.20. அதாவது வரம்பைத் தாண்டியது இரண்டு திட்ட விலக்கங்கள் அளவுக்கே. இருந்தும் ஓட்டைகள் (முடிவுக்கு வேறு விளக்கம் தர இடமளிக்கும் குறைகள்) அடைக்கப்பட்ட முதல் பெல் சோதனை என்ற பெருமை டெல்ஃப்டுக்குத்தான் போகிறது. பிழைவரம்பை மட்டும் வைத்துப் பார்த்தால் 1982-இன் முடிவு அல்லவா பன்மடங்கு வலுவானது? இடையில் கழிந்த 33 ஆண்டுகளில் எதற்காகக் காத்திருந்தார்கள்?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். துகளின் விடையைத் தீர்மானிக்கும், நமக்குப் புலப்படாத மதிப்புகள் உண்டு என்னும் மறைமாறிக் கோட்பாடுகள் எல்லாமே இந்தச் சோதனைகளோடு முடிந்துபோயினவா?

குவியம் எழுதியது:

வணக்கம். ஒளியியல் ஆய்வகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அதே சோதனையை மறுபடியும் செய்தால் கிடைக்கும் எண் எவ்வளவு ஆடும் என்பதைப் பிழைவரம்பு சொல்லும். எண்ணிக்கையில் சேராமலே போன நிகழ்வுகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 1982-க்கும் 2015-க்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்தச் சேராமல் போனவற்றில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க, 2 என்ற வரம்பு எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு மூலத்திலிருந்து புறப்படும் ஜோடியில் ஒன்று இடப்பக்கமும் மற்றொன்று வலப்பக்கமும் செல்கின்றன. ஒவ்வொரு பக்கமும் அளவுக்கருவியை இரண்டு நிலைகளில் ஏதாவது ஒன்றில் வைக்கலாம். விடை +1 அல்லது −1. இடப்பக்கத்தின் இரு நிலைகளுக்கான விடைகளை இ1, இ2 என்றும், வலப்பக்கத்தின் விடைகளை வ1, வ2 என்றும் கொள்வோம். எந்த நிலையில் அளந்தாலும் தர வேண்டிய விடை துகளிடம் முன்பே இருக்கிறது, மறுபக்கத்தில் என்ன நிலை தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது அதைத் தொடுவதில்லை என்பதே இடஞ்சார் மெய்மை. அப்படியானால் ஒவ்வொரு ஜோடிக்கும் நான்கு எண்களும் ஒருசேர உண்டு. இப்போது இ1×வ1 + இ1×வ2 + இ2×வ1 − இ2×வ2 என்ற கூட்டுத்தொகையை இ1×(வ1 + வ2) + இ2×(வ1 − வ2) என்று எழுதிப் பாருங்கள். வ1, வ2 இரண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டாம் அடைப்பு பூஜ்யம். வேறாக இருந்தால் முதல் அடைப்பு பூஜ்யம். எஞ்சுவது +2 அல்லது −2. ஒவ்வொரு ஜோடிக்கும் இப்படியென்றால் சராசரி, அதாவது S, 2-ஐத் தாண்ட வழியே இல்லை. கிளௌசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் ஆகிய நால்வரும் 1969-இல் தந்த வடிவம் இது. 1964-இல் ஜான் பெல் எழுதியதை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தது இந்த வடிவம்தான். குவாண்டம் இயக்கவியல் இதே அளவுக்கு 2√2 வரை, அதாவது 2.83 வரை இடம் தருகிறது.

இந்த நிரூபணத்தில் ஒரு சொல்லப்படாத நிபந்தனை உள்ளது: ஒவ்வொரு ஜோடியும் விடை தந்தாக வேண்டும். ஜோடிகளில் சில மௌனம் காக்கலாம் என்றும், மௌனம் காத்தவற்றைக் கணக்கிலிருந்து நீக்கலாம் என்றும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மூலத்திலேயே ஒவ்வொரு ஜோடிக்கும் 1 அல்லது 2 என்ற எண் ஒன்று எழுதப்பட்டு, இரு துகள்களும் அதைச் சுமந்து செல்கின்றன. வலத் துகளுக்கு ஒரே விதி: கருவியின் நிலை தன்னிடமுள்ள எண்ணோடு பொருந்தினால் +1 சொல், பொருந்தாவிட்டால் பதிவாகாமல் போய்விடு. இடத் துகளுக்கும் ஒரே விதி: உன் கருவி 2-ஆம் நிலையில் இருந்து, நீ சுமக்கும் எண்ணும் 2 ஆக இருந்தால் −1 சொல், மற்றபடி +1 சொல். இருபுறமும் பதிவான ஜோடிகளை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் S எவ்வளவு வருகிறது என்று தாளில் போட்டுப் பாருங்கள். விடை 4. துகள்களுக்கிடையே எந்தத் தொடர்பும் இல்லை, ஒளியை மிஞ்சிய செய்தி எதுவும் இல்லை, குவாண்டம் இயக்கவியலே இல்லை. ஆனாலும் அதன் உச்சமான 2.83-ஐயும் கடந்துவிட்டோம். பாதி ஜோடிகளைத் தொலைக்க அனுமதித்ததுதான் இதற்குக் கொடுத்த விலை. கோடி நிகழ்வுகளைச் சேர்த்து நூறு திட்ட விலக்கங்கள் காட்டினாலும் இந்த ஏமாற்றை அது பிடிக்காது. தரவை நீக்குவதன் மூலம் குவாண்டம் முடிவுகளைப் போலச் செய்யும் மாதிரி ஒன்றை பிலிப் பேர்ல் 1970-லேயே காட்டியிருக்கிறார்.

ஆஸ்பேயின் சோதனையில் கால்சியம் அணுக்கள் எல்லாத் திசைகளிலும் ஒளித்துகள்களை உமிழ்ந்தன. லென்ஸ்களுக்குள் வந்து, கருவிகளிலும் பதிவான ஜோடிகள் மிகச் சிறு பங்கே. பதிவானவை பதிவாகாதவற்றையும் நேர்மையாகப் பிரதிநிதித்துவம் செய்கின்றன என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அது நியாயமான எடுகோள்தான். ஆய்வகத்தில் அன்றாடம் அதை நம்பித்தான் வேலை செய்கிறோம். ஆனால் இயற்கையின் அடிப்படையையே கேள்வி கேட்கும் சோதனையில், விடையின் கால்பங்கை எடுகோளிடம் ஒப்படைத்துவிட முடியாது.

இன்னொரு ஓட்டை தொலைவைப் பற்றியது. ஒரு பக்கத்தின் கருவிநிலை மறுபக்கத்துக்குத் தெரிந்துவிடும் அளவுக்கு நேரம் இருந்தால், துகள்கள் கலந்து பேசிக்கொள்ள வாய்ப்பு உண்டு. 1982-இல் ஆஸ்பே, ஜான் தாலிபார், ஜெரார் ரோஜே ஆகியோர் செய்த மூன்றாவது சோதனை இதைத்தான் குறிவைத்தது. 12 மீட்டர் இடைவெளியைக் கடக்க ஒளிக்கு 40 நானோ நொடி வேண்டும். ஒலியலையால் ஒளியைத் திருப்பும் அவர்களின் ஒலியொளி மாற்றிகள் ஏறத்தாழ 10 நானோ நொடிக்கு ஒருமுறை பாதையை மாற்றின. அந்தக் காலத்துக் கருவிகளைக் கொண்டு அதைச் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஆனால் அந்த மாற்றம் சீரான தாளத்தில் நடந்ததே தவிர, முன்கூட்டி ஊகிக்க முடியாததாக இல்லை. 1998-இல் இன்ஸ்புருக்கில் கிரெகோர் வைஸ் குழுவினர் 400 மீட்டர் இடைவெளியில், சமவாய்ப்பு எண் கருவிகளைக் கொண்டு நிலைகளைத் தேர்ந்தெடுத்து இந்தக் குறையைத் தீர்த்தார்கள். அங்கும் பதிவானவை ஏறத்தாழ 5 சதவீத ஒளித்துகள்களே. 2001-இல் அமெரிக்காவின் போல்டரில் பெரிலியம் அயனிகளை வைத்து மேரி ரோ குழுவினர் ஒரு நிகழ்வையும் விடாமல் எண்ணி 2.25 ± 0.03 பெற்றார்கள், ஆனால் அயனிகளுக்கிடையே இருந்த தூரம் 3 மைக்ரோமீட்டர். ஒன்றை அடைத்தால் மற்றது திறந்துகொண்டது. இரண்டையும் ஒரே சோதனையில் அடைப்பதற்குத்தான் 33 ஆண்டுகள்.

முதுகலைமாணவி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. அந்த விதிகளைத் தாளில் போட்டுப் பார்த்தேன். நான்கு நிலைச் சேர்க்கைகளிலும் பெருக்கல் +1, +1, +1, −1 என்று வந்து 4 கிடைக்கிறது. இதைப் பார்த்த பிறகு என் சந்தேகம் டெல்ஃப்டின் பக்கம் திரும்புகிறது. ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரத்துக்கு ஒளியிழையில் ஒளித்துகளை அனுப்பினால் இழப்பு நேராமல் இருக்காதே. அப்படியிருக்க, எல்லா நிகழ்வுகளையும் எண்ணினோம் என்று அவர்கள் எப்படிச் சொல்ல முடியும்?

குவியம் எழுதியது:

இழப்பு மிகுதியாகவே நேர்ந்தது, தோழி. அந்த இழப்பு சோதனை தொடங்குவதற்கு முன்பே நடந்து முடியும்படி அமைத்ததில்தான் அவர்களின் திறமை இருக்கிறது.

டெல்ஃப்ட் பல்கலைக்கழக வளாகத்தில் 1,280 மீட்டர் இடைவெளியில் இரு ஆய்வகங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வைரத் துண்டு. வைரத்தின் கரிமப் படிகத்தில் ஒரு கரிம அணுவின் இடத்தில் நைட்ரஜன் அமர்ந்து, பக்கத்து இடம் காலியாக இருக்கும்போது, அங்கே சிறைப்பட்ட எலக்ட்ரானின் தற்சுழற்சியை லேசரால் கையாள முடியும். இரு ஆய்வகங்களும் தத்தம் எலக்ட்ரானைத் தூண்டி, அதன் தற்சுழற்சியோடு பிணைந்த ஒளித்துகள் ஒன்றை வெளிவரச் செய்கின்றன. இந்த ஒளித்துகள்கள் இரண்டும் இடையிலுள்ள மூன்றாவது நிலையத்துக்கு ஒளியிழை வழியே சென்று, ஓர் ஒளிக்கற்றைப் பிரிப்பானில் சந்திக்கின்றன. அங்குள்ள உணர்கருவிகள் குறிப்பிட்ட ஒரு முறையில் ஒளித்துகள்களைப் பதிவு செய்தால், ஒருமுறைகூடச் சந்தித்திராத அந்த இரு எலக்ட்ரான்களும் பின்னலுக்கு, அதாவது இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்த குவாண்டம் நிலைக்கு, வந்துவிட்டன என்று பொருள். ஒரு முயற்சி வெற்றி பெறும் வாய்ப்பு நூறு கோடியில் ஆறுக்குச் சற்று மேல். விநாடிக்குப் பல்லாயிரம் முறை முயன்றும், ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒரு வெற்றிதான் கிடைத்தது. 220 மணி நேரத்தில் 245 என்பது இப்படி வந்த எண்.

மூன்றாவது நிலையம் தருவது "இந்த ஜோடி தயார்" என்ற குறிப்பு மட்டுமே. அந்தக் குறிப்பு உருவாகும் இடமும் நேரமும், ஆய்வகங்களில் தேர்வாகும் கருவிநிலை ஒளியின் வேகத்தில் போனாலும் அங்கே எட்ட முடியாதபடி வகுக்கப்பட்டன. ஆகவே கருவிநிலையைப் பார்த்து ஜோடிகளைப் பொறுக்கி எடுக்க வழியில்லை. குறிப்பு வந்த ஒவ்வொரு ஜோடிக்கும் இரு பக்கமும் விடை பதிவாகிவிடுகிறது. எலக்ட்ரானிடமிருந்து ஒளி வந்தால் ஒரு விடை, ஒளி வராவிட்டால் மற்ற விடை. வராதது இழப்பால் நேர்ந்திருந்தாலும் அது தவறான விடையாக எண்ணப்படுமே தவிர, நீக்கப்படாது. முன்பு நான் சொன்ன மௌனத் தந்திரத்துக்கு இங்கே இடமே இல்லை. அளவீட்டின் கடைசிப் படி 3.7 மைக்ரோ நொடியில் முடிகிறது. மறுபக்கத்திலிருந்து ஒளி வந்து சேர 4.27 மைக்ரோ நொடி ஆகும். நிலையைச் சமவாய்ப்பாகத் தேர்ந்தெடுத்து எலக்ட்ரானைத் திருப்புவதும் இந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும். 1,280 மீட்டர் என்ற தூரம் தேவைப்பட்டதே இதற்காகத்தான்.

எண்கணக்கன் எழுதியது:

மேலே உள்ள விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வரம்பைத் தாண்டியது இரண்டு திட்ட விலக்கங்கள் அளவுக்கே என்ற கேள்வியை அப்படியே விட்டுவிடக் கூடாது. புள்ளியியல் படித்த யாருக்கும் அது உறுத்தும். துகள் இயற்பியலில் ஒரு கண்டுபிடிப்பை அறிவிக்க ஐந்து திட்ட விலக்கங்கள் கேட்கிறார்கள்.

டெல்ஃப்ட் குழுவினர் தாங்களே இதில் மிகக் கண்டிப்பாக நடந்துகொண்டார்கள். வழக்கமான முறையில் கணக்கிட்டால் இடஞ்சார் மெய்மையின் கீழ் அத்தகைய முடிவு கிடைக்கும் நிகழ்தகவு 0.019. அந்த முறையோ ஒவ்வொரு நிகழ்வும் முந்தையதைச் சாராதது என்று எடுத்துக்கொள்கிறது. முந்தைய நிகழ்வுகளையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு ஏமாற்றும் துகளையும் கணக்கில் கொண்டால் கிடைப்பது 0.039, அவர்கள் முன்னிறுத்தியது இந்தப் பலவீனமான எண்ணைத்தான். அவர்களின் ஆய்வுக் கட்டுரையை நான் மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான். அதன் பிறகு இன்னும் 300 நிகழ்வுகளைச் சேர்த்து 2.35 ± 0.18 பெற்றார்கள்.

வலுவான எண்கள் அதே 2015-இன் இறுதியில் வேறு இரு இடங்களிலிருந்து வந்தன. வியன்னாவின் ஹோஃப்பர்க் அரண்மனையின் நிலவறையில் மரிசா ஜியூஸ்டினாவும் சைலிங்கர் குழுவினரும், போல்டரில் லிண்டன் ஷாம் குழுவினரும், ஒளித்துகள்களையே கொண்டு இரு ஓட்டைகளையும் ஒருசேர அடைத்தார்கள். வியன்னாவில் நிகழ்தகவு பத்தின் அடுக்கு −30-க்கும் கீழே போனது. உணர்கருவிகளின் திறன் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கும் திட்டமான கணக்கு உண்டு. முழுமையாகப் பின்னிய ஜோடிகளை வைத்து ஓட்டையை அடைக்க 82.8 சதவீதத் திறன் வேண்டும். பின்னல் முழுமையாக இல்லாத ஜோடிகளை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருந்தாலே போதும் என்று ஃபிலிப் எபர்ஹார்டு 1993-இல் காட்டினார். வியன்னாவும் போல்டரும் அந்த வழியைப் பிடித்து, மின்தடையற்ற மீக்கடத்தி உணர்கருவிகளால் எழுபது சதவீதத்துக்கு மேல் எட்டிப்பிடித்தன. பின்னல் குறைந்தால் சோதனை எளிதாகிறது என்பது முதலில் படிப்பவருக்கு முரணாகத் தோன்றும். வரம்பு மீறல் சிறுத்தாலும், இழப்பைத் தாங்கும் வலிமை கூடுகிறது.

எனவே 2015-ஐ மூன்று சோதனைகளின் ஆண்டு என்று சொல்வதே முறை.

தொலைநோக்கி எழுதியது:

மறைமாறிகளைப் பற்றிய இரண்டாம் கேள்வியை யாரும் எடுக்கவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். அதற்கு முன், சோதனைகளின் வரலாற்றில் பலர் தாண்டிப் போய்விடும் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1972-இல் பெர்க்லியில் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மனும் கிளௌசரும் செய்த முதல் சோதனை குவாண்டம் இயக்கவியலுக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் ஹார்வர்டில் ரிச்சர்ட் ஹோல்ட்டும் ஃபிரான்சிஸ் பிப்கினும் பாதரச அணுக்களைக் கொண்டு செய்த சோதனை 1973-இல் எதிர் முடிவைத் தந்தது, சமனிலி மீறப்படவில்லை. அவர்கள் அதை இதழில் வெளியிடாமல், எங்கே பிழை என்று தேடினார்கள். பாதரச ஆவியை அடைத்து வைத்திருந்த கண்ணாடிக் குமிழின் சுவரில் இருந்த அழுத்தம் ஒளியின் தளவிளைவைத் திருப்பியிருக்கக் கூடும் என்ற ஐயம் எழுந்தது. கிளௌசர் அதே பாதரசத்தைக் கொண்டு மீண்டும் செய்து 1976-இல் குவாண்டம் முடிவையே பெற்றார். இதில் நான் கவனிப்பது, சிறு பிழைகள் எப்போதும் பின்னலைக் குலைத்து S-ஐக் கீழே இழுக்கின்றன என்பதை. 2-க்கு மேலான எண்ணைத் தற்செயலாகப் பெறுவது கடினம். மேலே சொன்ன மௌனத் தந்திரம் போல ஏதேனும் ஓர் ஒழுங்கான சதி வேண்டும். ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைப்பது அத்தகைய சதியின் இடங்களை ஒவ்வொன்றாகப் பறிப்பதுதான்.

இனி கேள்விக்கு வருகிறேன். மறைமாறிகள் எல்லாமே முடிந்துபோகவில்லை. டேவிட் போம் 1952-இல் தந்த கோட்பாட்டில் துகள்களுக்குத் திட்டமான இடம் எப்போதும் உண்டு. அது குவாண்டம் இயக்கவியலின் எல்லாக் கணிப்புகளையும் தருகிறது. பெல் சோதனைகளால் அதற்கு ஒரு கீறலும் இல்லை. காரணம், அதில் ஒரு துகளின் இயக்கம் தூரத்திலுள்ள மற்றொன்றை உடனடியாகச் சார்ந்திருக்கிறது. பெல் தம் தேற்றத்தை நோக்கிப் போனதே, போமின் கோட்பாட்டில் உள்ள இந்தத் தொலைத்தொடர்பைத் தவிர்க்க முடியுமா என்று கேட்டதால்தான். முடியாது என்பது அவருக்குக் கிடைத்த விடை. ஆகவே இச்சோதனைகள் தள்ளுபடி செய்தது, இடஞ்சார்ந்த மறைமாறிகளை மட்டும். "ஐன்ஸ்டைன் தோற்றார்" என்று தலைப்பிடும் செய்திகள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. 1935-இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் எழுப்பிய கேள்வி இல்லாவிட்டால் இந்தத் துறையே இருந்திருக்காது.

சோதனையால் முழுதும் அடைக்க முடியாத வழி ஒன்று உண்டு. கருவிநிலைகளின் தேர்வும் துகள்களின் மறைமாறிகளும் ஒரே பழைய காரணத்திலிருந்து வந்தவை என்று ஒருவர் வாதிட்டால், சமனிலியின் அடித்தளமே ஆட்டம் காணும். ஹெரார்டு ஹூஃப்ட் போன்ற பெரிய இயற்பியலர் இந்த வழியைத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறார். இதை மறுக்க முடியாவிட்டாலும் பின்னால் தள்ள முடியும். 2016 நவம்பர் 30 அன்று உலகெங்கும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இணைய விளையாட்டு ஒன்றில் 0, 1 என்று தட்டிய ஒன்பது கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கொண்டு பல நாடுகளின் ஆய்வகங்கள் கருவிநிலைகளைத் தேர்ந்தெடுத்தன. கேனரித் தீவுகளின் லா பால்மாவில் சைலிங்கர் குழுவினர் இரு பெரிய தொலைநோக்கிகளால் குவேசார்களை (மிகத் தொலைவில் ஒளிரும் விண்மீன் மண்டல மையங்களை) பார்த்து, வந்து சேர்ந்த ஒளித்துகளின் நிறத்தைக் கொண்டே நிலையைத் தீர்மானித்தார்கள். 2018-இல் அது வெளியானது. சமனிலி அங்கும் மீறப்பட்டது. முன்கூட்டிய சதி ஏதும் இருந்திருந்தால், அது 780 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும் என்ற நிலைக்கு அதைத் தள்ளிவிட்டார்கள்.

முதுகலைமாணவி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒரே ஒரு துணைக்கேள்வி: 2015-க்குப் பிறகும் இச்சோதனையை மீண்டும் மீண்டும் செய்வதில் பயன் உண்டா?

குவியம் எழுதியது:

உண்டு. ஒவ்வொரு முறையும் வேறு பொருளில் செய்கிறார்கள் என்பது முதல் காரணம். சூரிக்கில் 2023-இல் மீக்கடத்தி மின்சுற்றுகள் இரண்டை 30 மீட்டர் நீளக் குளிரூட்டிய குழாயால் இணைத்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முயற்சிகளில் 2.0747 ± 0.0033 பெற்றார்கள். கண்ணால் பார்க்கக்கூடிய அளவுள்ள மின்சுற்றுகள் இரண்டும், இடையே ஒளி கடக்கும் நேரத்துக்குள் அளந்து முடிக்கப்பட்டன.

இரண்டாவது காரணம் பயன்பாடு. கருவியைச் செய்தவரையே நம்ப முடியாத நிலையிலும், அதிலிருந்து வரும் S மதிப்பு 2-க்குப் போதிய அளவு மேலே இருந்தால், அது தரும் ரகசியச் சாவி வேறு யாருக்கும் தெரிந்திருக்காது என்று நிரூபிக்கலாம். 2022-இல் ஆக்ஸ்ஃபர்டில் அயனிகளைக் கொண்டும், மியூனிக்கில் 400 மீட்டர் இடைவெளியில் ருபீடியம் அணுக்களைக் கொண்டும் இதைச் செய்து காட்டினார்கள். அங்கே விட்டுப்போன நிகழ்வு ஒவ்வொன்றும் ஒட்டுக்கேட்பவர் நுழையும் வாசல் என்பதால், அடிப்படை ஆய்வாளர்கள் பதிவுத் திறனுக்காகப் பட்ட பாடு முழுவதும் இந்தத் துறைக்கு நேரடியாகக் கைகொடுக்கிறது. முதுகலைத் திட்டப்பணிக்கு இதில் ஏதாவது எடுக்க நினைத்தால், 82.8 சதவீதம் எப்படி 66.7 ஆகக் குறைகிறது என்ற எபர்ஹார்டின் கணக்கை நீங்களே கணினியில் செய்து பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். அதற்கு ஆய்வகம் தேவையில்லை.